சணப்புக்கு உரிமம் வேண்டாம்

கொடைரோட்டில் ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் யாரும் கொடைரோட்டுக்கு வருவதில்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருட்டோடு கொண்டுவந்து தள்ளிய முப்பது நாற்பது பேரில் கம்பளித் தொப்பி இல்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான். வெளியே வேன்காரர்கள் வரிசை. "கொடைக்கானலா சார்? ஒரு சீட்டுதான் பாக்கி." இல்லண்ணே, சிறுமலை அடிவாரத்துக்கு என்றதும் அவருக்கு என்மேல் இருந்த அக்கறை அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது.

ஊரின் பிறப்பே அப்படி. 1875-இல் மதுரைக்கு ரயில் வந்தபோது இந்த நிறுத்தத்துக்கு அம்மையநாயக்கனூர் என்று பெயர். பழைய ஜமீன் ஊர். மலைக்குக் குளிர் தேடிப் போன வெள்ளைக்காரர்கள் இங்கே இறங்கி, மாட்டுவண்டியில் பழனி மலையின் அடிவாரம்வரை குலுங்கிப் போய், அங்கிருந்து குதிரையிலோ கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலோ ஏறினார்கள். பேரூராட்சிப் பலகையில் இன்றைக்கும் அம்மையநாயக்கனூர்தான். மற்ற எல்லார் வாயிலும் இன்னோர் ஊருக்குப் போகும் வழியின் பெயர்.

டீக்கடையில் இரண்டு இளைஞர்கள் மாஸ்டரிடம் குனிந்து ஏதோ கேட்டார்கள். "இங்க டீயும் வடையும்தான் தம்பி கிடைக்கும்" என்றார் அவர், ஊருக்கே கேட்கிற மாதிரி. அவர்கள் நகர்ந்ததும் என்னிடம், "மலையில கால் வைக்கிறதுக்கு முன்னாடியே கேக்குறாய்ங்க" என்று அலுத்துக்கொண்டார். எதைக் கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. நானும் அதே செடியைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தேன்.

என்னை வரவழைத்தவர் என் சின்ன மாமனார். அடிவாரத்தில் மூன்று ஏக்கர், ஒரு கிணறு. பத்து நாள் முன்பு இரவு பத்து மணிக்குப் போன். "மாப்ளே, நீங்க பத்திரிகையில எழுதுறவரு, உங்களுக்குத் தெரியாம இருக்காது. கஞ்சா போடுறதுக்கு கவர்மெண்டே லைசென்ஸ் குடுக்குதாமே? வடநாட்டுக்காரன் ஒருத்தன் ஆள் உயரச் செடிக்குள்ள நின்னு வீடியோவுல பேசுறான்." போனில் சொன்னால் கேட்கிற ஆள் அல்ல மாமா. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தபோது இவர் தோட்டத்தில் ஆறு ஈமுக்கள் தீனிக்கு வழியில்லாமல் நின்றன. கடைசியாக மிஞ்சிய ஒன்று மாடுகளோடு சேர்ந்து மேய்ந்து, மாடுகளோடு சேர்ந்து வீடு திரும்பியது. இந்தத் தடவை பேசுவதற்கு நேரில் போய்விடுவது நல்லது என்று என் மனைவிதான் டிக்கெட் போட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மல்லிகைப் பாத்திகளில் பெண்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். தாண்டினால் பந்தல் திராட்சை, பன்னீர் ரகம். கவாத்து அடித்து இருபது நாள் ஆகியிருக்கும், துளிர் விட்டிருந்தது. "இந்தத் துளிருல ரெண்டு நாள் மூடுபனி விழுந்தாப் போச்சு, செவட்டை வந்துரும். மருந்துக் கடைக்காரன் புள்ளைக்குத்தான் நாங்க சீர் செய்யிறோம்" என்றார் மாமா. அவருக்குக் கஞ்சாவில் பிடித்ததே அதுதான். வீடியோக்காரன் அதற்கு மருந்தே வேண்டாம் என்றானாம். "களை மாதிரி வருமாம்ல?"

வரும்தான். இமயமலைச் சரிவுகளில் யாரும் விதைக்காமலேயே மண்டிக் கிடக்கும் செடி அது. மாமா அறியாத செடியும் அல்ல. அவர் வாலிபத்தில் வருசநாட்டு மலைப்பக்கம் காட்டுக்குள் சிலர் போட்டதையும் போலீஸ் பிடுங்கிக் குவித்துக் கொளுத்தியதையும் கேட்டு வளர்ந்தவர்தான். வைத்தியர்கள் வாயில் அதற்குக் கோரக்கர் மூலி என்ற மரியாதையான பெயர் உண்டென்பதும் தெரியும். தெரியாதது, சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்பது.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை வரப்பில் உட்கார்ந்து நான் விளக்கிய விதம் எந்த வழக்கறிஞருக்கும் பிடிக்காது. ஆனாலும் சுருக்கம் இதுதான். சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயுமான கொண்டை. கொண்டை இல்லாமல் வெறும் இலை, வெறும் விதை என்றால் அது கஞ்சா அல்ல. 1961-இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது இலையை வெளியே நிறுத்தி வைத்தது இந்தியாவுக்குத் தோதாகப் போயிற்று. அதனால்தான் ஜெய்சல்மேரில் இலையை அரைத்துச் செய்யும் பாங்குக்கு அரசு அனுமதி பெற்ற கடை பலகை மாட்டி வியாபாரம் செய்கிறது. விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்கலாம் என்று 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சொல்லிவிட்டது.

"அப்ப விதைக்காகப் போடலாம்?"

"விதை விக்கலாம் மாமா. செடி போடக் கூடாது."

மாமா என்னைப் பார்த்த பார்வை, கோழி வேண்டாம் முட்டை மட்டும் போதும் என்று சொன்னவனைப் பார்க்கிற பார்வை. ஆனால் அப்படித்தான் இருக்கிறது. உரிமம் இல்லாமல் அந்தச் செடியைப் பயிரிடுவது குற்றம். பத்தாண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். கையில் வைத்திருப்பதற்கு ஒரு கிலோ, இருபது கிலோ என்று படிகள் வைத்துத் தண்டனையைப் பிரித்திருக்கிற சட்டம், பயிரிடுவதற்கு அப்படிப் படி எதுவும் வைக்கவில்லை. கொல்லையில் நின்ற ஒரு செடிக்கும் ஒரு ஏக்கருக்கும் எழுதப்பட்ட வரம்பு ஒன்றே.

அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு மாநில அரசுகள் அனுமதி கொடுத்து முறைப்படுத்தலாம் என்கிறது. 14-ஆம் பிரிவு நாருக்காகவும் விதைக்காகவும் மட்டும் பயிரிட அரசு உத்தரவு போடலாம் என்கிறது. கதவு இருக்கிறது. தமிழ்நாடு அதைத் திறக்கவில்லை. 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று தொடங்கிய காவல்துறை அதற்கு அடுத்தடுத்த எண்கள் கொடுத்துக்கொண்டே போன மாநிலத்தில், அந்தக் கதவைப் பற்றிப் பேச எந்த அதிகாரி முதலில் எழுந்து நிற்பார்?

மாமா பதில் சொல்லவில்லை. பூக்கூடையை வண்டியில் கட்டினார். மொட்டு விரிவதற்குள் நிலக்கோட்டை போயாக வேண்டும்.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டைப் பார்க்காதவர்கள், விவசாயி தன் பொருளுக்கு விலை வைப்பதில்லை என்ற உண்மையை முழுசாகப் பார்க்காதவர்கள். காலை எட்டு மணிக்கு ஒரு விலை, முகூர்த்த நாளென்றால் இன்னொரு விலை, மதியத்துக்குமேல் விலை கேட்பதே கேவலம். யாரும் யாருக்கும் உரிமம் தர வேண்டியதில்லை. கமிஷன் கடைக்காரர் தராசில் போட்டு, துண்டுச் சீட்டில் எழுதினால் முடிந்தது. இந்த மண்ணின் மொட்டும் மதுரை மல்லி என்றே ஊர் ஊராகப் போகிறது. கொடைரோட்டுக்கும் நிலக்கோட்டைக்கும் சொந்தப் பெயரில் விற்கும் பாக்கியம் கிடையாது போலிருக்கிறது.

அங்கே ஒரு கடைத் திண்ணையில்தான் மாமாவின் கூட்டாளியைச் சந்தித்தோம். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். 1980-இல் கர்ணம், மணியம் பரம்பரைப் பதவிகளை ஒழித்த பிறகு வந்த தலைமுறை. நாங்கள் பேசுகிற விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"லைசென்ஸுன்னு ஒண்ணு வந்தா அது கோட்டையிலிருந்து நேரா உங்க மாமா தோட்டத்துக்கு வராது சார். வி.ஏ.ஓ. கிட்டத்தான் வரும். பட்டா யார் பேர்ல? சிட்டாவுல எத்தனை பங்காளி? அடங்கல்ல என்ன பயிர்? நான் பயிர்க் கலத்துல நெல்லு எழுதியிருக்கேன், மல்லி எழுதியிருக்கேன், தரிசுன்னு எழுதியிருக்கேன். கஞ்சான்னு எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன்னு வைங்க, பென்ஷன் வாங்கியிருப்பேனா?"

அவர் வேடிக்கையாகச் சொன்னதற்குப் பின்னால் சட்டமே இருக்கிறது. 47-ஆம் பிரிவு, எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் சரி, கிராம அலுவலர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரியவந்த கஞ்சா சாகுபடியை உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 46-ஆம் பிரிவு நிலத்துக்காரருக்கும் அதே கடமையை வைக்கிறது. தன் நிலத்தில் இன்னொருவன் போட்டிருப்பது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவரும் குற்றவாளி. ஆக, இந்தச் செடிக்கான உள்ளூர் அலுவலகம் புதிதாக வர வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. இப்போதைக்கு அதற்குத் துப்புச் சொல்லும் வேலை மட்டும்.

முன்பு அப்படி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சா கலால் வருமானம். 1893-இல் அமைக்கப்பட்ட இந்திய கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, மறு ஆண்டு ஏழு தொகுதிகளில் அறிக்கை தந்தது. தடை வேண்டாம், உரிமமும் வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது தீர்ப்பு. மதராஸ் மாகாணத்தில் சொல்லும்படியான சாகுபடி அன்றைய கிருஷ்ணா மாவட்டத்திலும் ஜவ்வாது மலையிலும்தான். மற்ற இடங்களில் குடிசையோரம் நாலு செடி. அந்த நாலு செடியை எண்ணுவது எப்படி என்பதுதான் அதிகாரிகளுக்குத் தலைவலி. ஒரே இடத்தில் நூறு ஏக்கர் இருந்தால் காவல் போடலாம். நூறு கொல்லையில் நாலு நாலாக இருந்தால்?

இதற்கு விடை கண்டது வங்காளம். இன்றைய பங்களாதேஷின் நவுகாவ்ன் பகுதியில் ஒரு சின்ன வட்டாரத்தை வரையறுத்து, அதற்குள் மட்டும் உரிமம் கொடுத்தார்கள். உரிமதாரர்கள் பெரும் பண்ணையார்கள் அல்ல, துண்டு நிலக்காரர்கள். வயலைப் பதிவு செய்ய வேண்டும். ஆண் செடியைப் பார்த்துப் பிடுங்கிப் போட 'பொத்தார்' என்ற கைதேர்ந்த ஆள் வருவார். ஆங்கிலேய அதிகாரிகள் அவரைக் கஞ்சா டாக்டர் என்றார்கள். ஆண் செடி நின்றால் பெண் செடி விதை பிடித்துச் சரக்குக் கெட்டுவிடும். அறுத்ததைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். களத்திலிருந்து அரசுக் கிட்டங்கிக்கு.

இவ்வளவு கெடுபிடியிலும் வியாபாரிகள் இவர்களைக் கடனில் மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள். 1917-இல் கஞ்சா விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் அமைந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். சங்கத்தின் காசில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வந்தன. 1987-இல் பங்களாதேஷ் அரசு சாகுபடியை நிறுத்திவைத்தது. ஒரு கூட்டுறவுச் சங்கம் எழுபது வருஷம் கஞ்சா விற்று ஊரை நடத்தியது என்றால் நம் கூட்டுறவுத் துறை நண்பர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. உரிமம் அந்த விவசாயிகளைச் சிறைக்குப் போகாமல் காத்தது, அவ்வளவுதான். சோறு போட்டது சங்கம்.

வி.ஏ.ஓ. இதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஆளுக்கு எவ்வளவு நிலம் குடுத்தான் சார்?" நிர்வாகத்தில் இருந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். நவுகாவ்ன் கணக்கு என் கையில் இல்லை. ஆனால் இன்றைக்கும் நடக்கிற ஒரு கணக்கு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கமும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் மத்திய போதைப்பொருள் துறையின் உரிமத்தோடு அபினிச் செடி போடுகிறார்கள். உரிமம் பெரும்பாலும் 10 ஆர் நிலத்துக்கு. நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட்.

"இருபத்தஞ்சு சென்ட்டா? அது கொத்தமல்லி போடுற அளவுல்ல?" என்றார் மாமா.

ஊரில் ஒருவர் 'லம்பர்தார்' என்று நியமிக்கப்பட்டு, காயைக் கீறிப் பால் எடுக்கும் நாட்களில் ஒவ்வொருவரும் எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதி வைப்பார். துறை வைத்த அளவுக்குக் குறைவாகக் கொடுத்தால் அடுத்த வருஷம் பால் எடுக்கும் உரிமம் இல்லை. விளைச்சல் நன்றாக இருந்து ஒப்படைத்தது குறைந்தால் சந்தேகம், மழை பெய்து விளைச்சலே குறைந்தாலும் நிரூபிக்கும் பாரம் விவசாயிக்கு. மண்ணோ தண்ணீரோ அந்த 25 சென்ட்டைத் தீர்மானிக்கவில்லை. ஒரு மேற்பார்வையாளர் ஒரு காலையில் எத்தனை வயலை எட்டிப் பார்க்க முடியும் என்பது தீர்மானித்தது.

மாமா வீடியோவில் பார்த்த ஆள் அநேகமாக உத்தரகாண்ட்காரர். நாட்டிலேயே முதலில் தொழிலுக்கான கஞ்சாச் சணலுக்கு வழிவிட்ட மாநிலம் அது. 2018-இல் பௌரி கட்வாலில் 1,000 ஹெக்டேர் முன்னோடித் திட்டத்துக்கு அனுமதி தந்தார்கள். அங்கே பாங்கு விதைச் சட்னி வீட்டுச் சாப்பாடு, நாரில் துணி நெய்வது பாட்டி காலத்துத் தொழில். ஆனால் உரிமம் கேட்பது வேறொரு செடியை: போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். மலையில் தானாக நிற்கும் நாட்டுச் செடி பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்காது. ஆகவே விதையை வெளியே வாங்க வேண்டும், ஆய்வகத்தில் காட்ட வேண்டும். பாட்டி வளர்த்த செடி தோற்றுவிட்டது. கம்பெனி விதை தேறிவிட்டது. இமாசலம் இன்னும் தயங்கித் தயங்கி வருகிறது. 2024 செப்டம்பரில் சட்டமன்றம் ஒரு குழுவின் அறிக்கையை ஏற்றது, 2025 ஜனவரியில் இரண்டு வேளாண் பல்கலைக்கழகங்களிடம் முன்னோடி ஆய்வை ஒப்படைத்தார்கள். விவசாயி அதற்குப் பிறகுதான்.

கலிஃபோர்னியா கதையையும் சொன்னேன். 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி அனுமதித்தபோது, முதல் ஐந்து ஆண்டு பெரிய பண்ணைகளுக்கு உரிமம் கிடையாது, சிறு விவசாயி காலூன்றட்டும் என்றார்கள். மறு வருஷம் விதிகளை எழுதும்போது, ஒருவர் எத்தனை சிறு உரிமம் வாங்கலாம் என்பதற்கு வரம்பு வைக்க மறந்தார்கள், அல்லது மறந்த மாதிரி இருந்தார்கள். பணம் உள்ளவன் சின்ன உரிமங்களை அடுக்கி அடுக்கிப் பெரிய பண்ணை ஆக்கினான். ஹம்போல்ட் மலைகளில் ஒளிந்து ஒளிந்து வளர்த்துப் பழகியவர்களில் பலர், ஒளிய வேண்டாம் என்றான பிறகு நொடித்துப்போனார்கள். மொராக்கோ இன்னொரு மாதிரி. 2021-இல் சட்டம் போட்டு, ரிஃப் மலையின் மூன்று மாகாணங்களுக்கு மட்டும் உரிமம். விவசாயிகள் கூட்டுறவு வழியாகத்தான் விற்க வேண்டும். 2024 ஆகஸ்டில் மன்னர், கஞ்சா சாகுபடி வழக்குகளில் சிக்கியிருந்த 4,831 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். எனக்கு இந்த வரிசைதான் சரியாகப் படுகிறது: உரிமம் கொடுப்பவன் பழைய வழக்கையும் முடித்துக் கொடுக்க வேண்டும். மதுரையில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு காலை நேரம் நின்றவர்களுக்கு இது விளங்கும்.

"அதாவது," என்று மாமா கூடையை உதறினார், "எந்த நாட்டுலயும் மூணு ஏக்கர்க்காரன் லைசென்ஸ்னால பணக்காரன் ஆகல."

ஆகவில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. நவுகாவ்னில் தலை நிமிர்ந்தார்கள். ஆனால் அதற்குக் கிட்டங்கி வேண்டும், சங்கம் வேண்டும், வாங்குவதற்கென்று ஒரு அரசாங்கம் வேண்டும். வி.ஏ.ஓ. கைபேசியில் வயலைப் படம் பிடித்துப் பயிர்க் கணக்கு ஏற்றும் புதிய முறையைப் பற்றிப் புலம்பத் தொடங்கினார். கஞ்சா அத்தோடு மறந்துபோனது. அன்றைக்கு மல்லி விலை மோசமில்லை. மாமா எங்கள் இருவருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் தோட்டத்தில் ஒரு சுற்று வந்தோம். பழைய மல்லிகையைக் கலைத்துவிட்ட அரை ஏக்கரில் சணப்பு இடுப்பளவு நின்றது. மஞ்சள் பூ எட்டிப் பார்த்ததும் மடக்கி உழுதுவிடுவார். மண்ணுக்குப் பசுந்தாள் உரம். விதையை அரசே மானியத்தில் கொடுக்கிறது. இதைச் சொன்னால் வேடிக்கை: இந்தச் சணப்பையும் வெள்ளைக்காரன் 'இந்தியச் சணல்' என்றுதான் எழுதி வைத்தான். கப்பலுக்குக் கயிறு வேண்டி கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் நார்ச் செடிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது கஞ்சாச் சணலோடு போட்டி போட்டது இதுதான். நார் உண்டு, போதை கிடையாது. அவரைக் குடும்பம். நம் பத்திரிகைக்காரர்கள் கஞ்சாச் சணல், சணப்பு, மூட்டை தைக்கிற சணல் மூன்றையும் ஒரே சொல்லில் எழுதிக் குழப்புவதில் எனக்கும் பங்குண்டு.

"இதுக்கு என்ன பேருன்னாலும் இருக்கட்டும். யாரும் வந்து எண்ண மாட்டான்ல?" என்றார் மாமா.

வரப்போரம் விதைக்கென்று விட்டிருந்த நாலைந்து முற்றிய செடிகளில் ஒன்றை ஒடித்து, ஊரில் பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று பையில் செருகிக்கொண்டேன். அத்தை திராட்சை இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தார்.

இரவு கொடைரோடு நிலையத்தில் சோதனை நடந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய இளைஞர்களின் முதுகுப் பைகளைக் காவலர்கள் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. காவலர் திராட்சையை ஒதுக்கினார், சட்டையை ஒதுக்கினார், செடியை வெளியே இழுத்தார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"சணப்பு. உரச் செடி."

காம்பை மோந்து பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். காய்ந்த காய்களுக்குள் விதைகள் கிலுகிலுவென்று ஒலித்தன. அவர் மறுபடி ஒருமுறை ஆட்டினார். இந்தத் தடவை சோதனைக்காக இல்லை என்று தோன்றியது.

"எங்க ஊர்லயும் இருக்கு" என்று சொல்லிப் பைக்குள் வைத்து, ஜிப்பையும் அவரே இழுத்துவிட்டார்.